கடைசி அத்தியாயம் வராத வாரம்

எங்கள் பம்பாய்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கு ஆப் வருகிறதாம். வீட்டில் உட்கார்ந்து விரலால் தட்டினால் போதும், புத்தகம் வாசலுக்கே வந்துவிடுமாம். புதுச் செயலாளர் கார்த்திக் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தோளில் பையை மாட்டிக்கொண்டு இத்தனை காலம் வாசல் வாசலாகப் புத்தகம் கொண்டுபோன ஆப் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஸ்டாக் செக் பண்ணிட்டோம். எல்லாம் பராபர், சரியா இருக்கு. ஒரே ஒரு நாவல் மட்டும் காணோம். வெளியில இருக்குன்னு போட்டிருக்கு. யார்ட்ட இருக்கு?"

"ஊருக்குப் போயிருக்கு தம்பி."

"ஆங்?"

"அது பெரிய கத."

"அப்ப எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போட்டுருவோம்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஓய்வுபெற்ற பிறகும் இந்த நூலகம் என்னை விடுவதாக இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இழுக்கப் போவதில்லை. தாராவியில் வளர்ந்தவள், தமிழ் படிக்கத் தெரியும், கால் வலிக்காது. இந்த மூன்று தகுதியும் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் வேலை கைக்கு வந்துவிட்டது. புத்தகம் நனையக் கூடாது, நான் நனையலாம் என்பதுதான் பாடம். அதைச் சொல்லிக்கொடுத்தவர் நூலகர் விச்சு சார்.

சார் பாலக்காட்டுக்காரர். ஒல்லி. சட்டைப் பையில் பென்சில் மட்டும்தான் இருக்கும். பேனாவை நூலகத்துக்குள் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவார். அவர் புத்தகம் கொடுக்கிற முறையைப் பார்க்கவே சிலர் வருவார்கள். முதுகைப் பிடித்து, காதருகே வைத்து, கட்டை விரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓடவிடுவார். பக்கம் கிழிந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிறகு துணியால் ஒரு துடைப்பு, பழுப்புத்தாளில் ஒரு அட்டை, இரண்டு கையாலும் நீட்டுதல். வெற்றிலை பாக்கு மட்டும்தான் வைக்கவில்லை.

திருப்பி வாங்கும்போதுதான் வேடிக்கை. முகர்ந்து பார்ப்பார். "மோர்க்கூட்டான்" என்பார், மோர்க்குழம்பு வாசம் கண்டு. கொண்டு வந்த மாமியின் முகம் சுருங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "முறுக்குத் தூள். அவன் லண்டன் போற எடத்திலே. சரிதான், அங்கே எல்லார்க்கும் பசிக்கும்" என்பார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு கேள்வி: "பிடிச்சுதா?" பிடித்தது, பிடிக்கவில்லை, இரண்டில் ஒன்று சொல்லலாம். யாராவது ஆர்வக்கோளாறில் "கடைசியிலே அவள் என்ன பண்றான்னா…" என்று ஆரம்பித்தால் டிராஃபிக் போலீஸ்போலக் கை உயரும்.

"முடிவு சொல்லப்படாது. பின்னாலே நிக்கறவா வாசிக்க வேண்டாமா?"

மீறிச் சொன்னவர்களுக்கு அடுத்த தடவை சமையல் புத்தகம்தான் கிடைக்கும். "இதுக்கு முடிவு சொல்லிக்கோங்கோ, நான் தடுக்கல்லை" என்பார். எனக்கும் ஒருமுறை கிடைத்தது. அதில் பார்த்துச் செய்த புளிக்காய்ச்சல் நன்றாகவே வந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் நாவல்களில் பாதி கடையில் வாங்கியவை அல்ல. மாட்டுங்கா வீடுகளில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்து அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டிங் செய்வார்கள். அலமாரி நிறைந்ததும் எங்கள் தலையில் கட்டுவார்கள். கதைக்கு நடுவில் ஊறுகாய் விளம்பரம், பாதி ஜோக்கு, பாம்பு தலைகாட்டும் மர்மக்கதையின் வால் எல்லாம் சேர்ந்தே வரும். காணாமல் போன நாவலும் அந்த ஜாதிதான். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் தேடிப் படித்துவிட்டு முடிவைப் பரப்புவீர்கள்.

கதை இதுதான். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்புகிறான். வீட்டில் தம்பி இருக்கிறான். நடந்ததை நினைத்து நினைத்துப் பாதிக் கதை ரயிலிலேயே ஓடிவிடும். கடைசிப் பக்கத்தில் வீட்டு கேட்டின்மேல் கையை வைக்கிறான். அவ்வளவுதான். நானும் படித்துவிட்டு, அடேயப்பா, என்ன நயமாக முடித்திருக்கிறார் என்று ஒரு வாரம் பெருமூச்சு விட்டேன்.

இந்தப் புத்தகத்தைத்தான் காசிம் பாய்க்குக் கொடுத்தேன்.

காசிம் பாய் தாராவியில் தோல் பை, பெல்ட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஊர் கடையநல்லூர்ப் பக்கம். கீழே மெஷின்கள், மேலே ஏணி போட்டு ஏறினால் தோல் மூட்டைகள். வேலைக்கு பீகார்ப் பையன்கள். "தங்கச்சி, தடியா ஒண்ணு தாங்க. எழுத்து பெருசா இருக்கணும். ராசா, மந்திரவாதி எல்லாம் வேண்டாம். நம்ம மனுசனா இருக்கட்டும்" என்று கேட்டார். தடியாகவும் பெரிய எழுத்தாகவும் அதுதான் கைக்கு வந்தது. வேறு எந்த யோசனையும் இல்லை, சத்தியமாக.

பாய் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஒரு பக்கம் படிக்க ஒரு டீ ஆறிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படிப்பார். பிறகு அதையே ஹிந்தியில் பையன்களுக்குச் சொல்வார். பட்டறையே அந்தக் கதையில் விழுந்து கிடந்தது. நான் வாரா வாரம் போகும்போது தலைமைத் தையல்காரன் முன்னா, "தீதி, அப் டிரெயின் கஹான் பஹுஞ்சி?" என்று ரயில் எதுவரை வந்திருக்கிறது என்பதை என்னிடமே விசாரிப்பான். நான் சாரின் சிஷ்யை. வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் புத்தகத்தைத் திரும்ப வாங்கப் போனேன். செம்பூரில் அதற்கு ஆள் காத்திருந்தது. பாய் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தர மாட்டேன்."

"ஏன் பாய்?"

"முடிவு எங்க?"

"அதான் முடிவு. கேட்டுல கை வைக்கிறாருல்லா? நம்மளே யோசிச்சுக்கணும். புதுமாதிரி எழுத்து அது."

"என்னத்த புதுமாதிரி? இங்க பாருங்க." கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "என்ன போட்டிருக்கான்? தொ… ட… ரு… ம்."

ஆமாம், தொடரும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அதையே பார்த்துப் பழகிய என் கண் கடைசிப் பக்கத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. எழுத்துக்கூட்டுகிறவர் தாண்டுவாரா? பைண்டிங்கில் கடைசி அத்தியாயமே இல்லை! நான் பெருமூச்சு விட்ட வாரம் முழுக்க வீண்.

"பெறவு என்ன ஆச்சு தங்கச்சி? தம்பிக்காரன் கதவத் தொறந்தானா இல்லையா?"

மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. முன்னா, "தீதி, வோ அந்தர் கயா கி நஹி?" என்றான், உள்ளே போனானா இல்லையா என்று. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன். பாய் பையன்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, தோல் வெட்டும் பலகையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வாப்பா மவுத்தானப்ப நான் இங்க இருந்தேன். மேலுக்கு முடியலன்னு முன்னாடியே தம்பி போன் போட்டான். கைல பெரிய ஆர்டரு. முடிச்சிட்டு வாரேன்னேன். வெளங்காத ஆர்டரு. நான் போயி எறங்குதப்ப அடக்கம் எல்லாம் முடிஞ்சாச்சு. பைய வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கேன். தம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'யாரு வேணும் ஒங்களுக்கு?'ன்னு கேட்டான். சொந்தக்காரங்க அத்தன பேரும் பாக்காங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன். அதுக்குப் பெறவு போகல."

பாய் பலகையில் இன்னொரு கோடு இழுத்துத் தொடர்ந்தார்.

"அடுத்த வாரம் அவன் மவளுக்கு நிக்காஹ். உம்மா போன் போட்டு, நீ வந்தாத்தான் நான் சோத்துல கை வைப்பேன்னு அழுதாங்க. அவன் கூப்புடல. நான் இந்தக் கதைய முடிச்சிட்டு முடிவெடுப்போம்னு இருந்தேன். இந்த மனுசன் உள்ள போனாருன்னா நானும் போறேன். தொரத்திட்டான்னா நான் இங்கயே கெடக்கேன்."

"பாய், இது கத! எவரோ எழுதுனது!"

"இருக்கட்டும். எனக்கு வேற யாரு சொல்லுவா?"

பெல்ட் தைக்கிற மனிதர் தன் குடும்பத்தையே ஒரு ஊறுகாய் விளம்பரத்துப் பின்பக்கத்தில் கொண்டுபோய் அடமானம் வைத்திருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். கல்யாணம் முடிந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க இன்னொரு சாக்குக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும்.

நேரே சாரிடம் போனேன். "சார், அந்தக் கதைக்கு முடிவு வேணும்."

"சொல்லப்படாது."

"சொல்ல வேண்டாம் சார். புத்தகத்துலயே இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். "ஞாயித்துக்கிழமை அவரை இங்கே வரச் சொல்லு. அந்தத் தொடரை அந்தக் காலத்திலே வாசிச்சவா யாரெல்லாம் உண்டோ அவாளையும் வரச்சொல்லு" என்றார். முடிவு சொல்லும் கூட்டத்தை சாரே கூட்டுகிறார்! நான் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

சொல்லி முடிப்பதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. பர்வதம் மாமி, ஜெயா மாமி, செம்பூரிலிருந்து ரயில்வே ராகவன் சார். மூவரும் அந்தத் தொடரை விடாமல் படித்தவர்களாம், முடிவு மனப்பாடமாம். பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நன்னா ஓர்மை உண்டு" என்று பர்வதம் மாமி ஆரம்பித்தாள். "தம்பி ஓடிவந்து கட்டிண்டான். ரெண்டு பேரும் ஓன்னு அழுதா. நானும் அழுதேன். அடுப்பிலே பால் பொங்கிப் போச்சு."

"என்ன மாமி அளக்கறேள்?" என்றாள் ஜெயா மாமி. அவளுக்கும் அவள் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். "கேட்டைத் தொடவே இல்லை அவன். ரோஷக்காரன். கையை எடுத்துட்டு வந்த வழியே போயிட்டான். அதான் சரி."

ராகவன் சார் தொண்டையைச் செருமினார். "ரெண்டும் தப்பு. அது கனவு. அவன் ரயிலிலேயே தூங்கிப் போயிடறான். ஸ்டேஷன் தாண்டிப் போச்சு. ரயில்வேயைப் பத்தி அவ்வளவு சரியா எழுதினவர் யாருமில்லை."

பிறகு நடந்ததை எழுத முடியாது. மாமிகள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ராகவன் சார் டைம்டேபிளைச் சாட்சிக்கு இழுத்தார். பாயின் தலை டென்னிஸ் பார்ப்பவர் தலைபோல இங்கும் அங்கும் திரும்பியது. பர்வதம் மாமி தம்பியைக் கட்டிப்பிடிக்க வைத்தால் முகம் மலரும், ஜெயா மாமி அண்ணனைத் திருப்பி அனுப்பினால் வாடும். பாவமாக இருந்தது.

"போறும்" என்றார் சார். "மூணு பேரும் நன்னாச் சொன்னேள். ஆனா ஒருத்தரும் வாசிக்கல்லை."

"என்னது!"

"அந்த வாரம் இங்கே பேய்மழை. மதராஸ் வண்டி வரல்லை. பத்திரிகைக் கட்டு வழியிலேயே கிடந்து ஊறிப் போச்சு. நான் குடையைப் பிடிச்சுண்டு கடை வாசல்லே தவங்கிடந்தேன். அடுத்த வாரம் கட்டு வந்தது, புதுத் தொடர் ஆரம்பிச்சாச்சு. மதராஸுக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. கதை புஸ்தகமாவும் வரல்லை. அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பம்பாயிலே வாசிச்சவா ஒருத்தர் கிடையாது. நான் உள்பட."

பர்வதம் மாமி மெல்ல, "எனக்குப் பால் பொங்கினது கூட ஓர்மை இருக்கே" என்றாள்.

"பால் பொங்கியிருக்கும் மாமி. கதையிலே நீங்க ஆசைப்பட்டது இப்போ வாசிச்ச மாதிரி தோணறது."

முடிவு சொல்லக் கூடாது என்று எங்களையெல்லாம் விரட்டிய மனிதர், தான் முடிவு தெரியாமலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறார். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

பாய் சாரைப் பார்த்தார். "அப்ப யாருக்குமே தெரியாதா சார்? உள்ள போனாரா இல்லையான்னு?"

"தெரியாது."

"உங்களுக்கும்?"

"எனக்கும்."

பாய் கொஞ்ச நேரம் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஜெயா மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, தட்கல் எத்தன மணிக்குத் தொறப்பான்?"

புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். சார் அதை எடுத்து, காதருகே ஓடவிட்டு, துடைத்து, புதுப் பழுப்புத்தாள் போட்டு, இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினார். "வண்டியிலே என்ன பண்ணுவேள்? இன்னொரு தரம் வாசியுங்கோ."

குர்லாவில் ரயிலேற்றப் பட்டறையே போயிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கென்று பையன்கள் தைத்த கைப்பையை முன்னா தலைமேல் வைத்துக் கொண்டுபோனான். "சேட், கேட் பே ஃபோன் கர்னா" என்று, கேட்டருகே நின்று போன் பண்ணும்படி ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினான்.

போன் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். என் முறை நாள் இல்லைதான். சும்மா இருக்க முடியவில்லை, போய்விட்டேன். முன்னா போனை ஸ்பீக்கரில் போட்டு வெட்டும் பலகையில் வைத்தான். மெஷின்கள் நின்றன.

"கேட்டுல கை வச்சிருக்கேன்" என்றார் பாய். குரல் அவர் குரலாகவே இல்லை.

"தள்ளுங்க பாய்."

"உள்ளேருந்து ஆள் வாராப்ல இருக்கு."

பிறகு பந்தல் சத்தம், குழந்தைகள் சத்தம். அதற்குள் ஓர் ஆண் குரல்: "யாரு?"

எனக்கு உயிரே போய்விட்டது. அதே கேள்வி.

"நாந்தாம்ல" என்றார் பாய்.

முன்னா என் தோளைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அந்தக் குரல் எரிந்து விழுந்தது. "எங்க போய்த் தொலஞ்ச இவ்வளவு நேரம்? தேக்சா தூக்க ஆளில்லாம கெடக்கோம். வா, அந்தப் பக்கம் புடி."

"போன்ல…"

"போனு பெறவு பேசலாம். ரெண்டு கையும் வேணும்."

போன் கட்டாகிவிட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். முன்னாவுக்குத் தமிழ் தெரியாது. "க்யா போலா? க்யா போலா?" என்று என்னை உலுக்கினான். "அந்தர் கயா" என்றேன். "பிரியாணி உட்டா ரஹா ஹை", பிரியாணி அண்டா தூக்குகிறார். பையன்கள் போட்ட கூச்சலில் மேலே இருந்த ஒரு தோல் மூட்டை சரிந்து விழுந்தது. நான் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

பாய் திரும்பி வந்தபோது கதை கேட்கப் போனேன். தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லையாம். கல்யாணம் முடிந்த மறுநாள் தம்பி, "வா" என்று மட்டும் சொல்லி வாப்பாவை அடக்கிய கபருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "என்னய உள்ள அனுப்பிட்டு அவன் வெளியவே நின்னான் தங்கச்சி. நான் நெறைய நேரம் இருந்தேன். ஆர்டரு, வாப்பா, எல்லாம் சொல்லி அழுதேன். திரும்பி வாரேன், எஞ்செருப்பக் கைல எடுத்து வச்சிட்டு நிக்கான். நாய் தூக்கிட்டுப் போயிரும்லாங்கான்."

புத்தகம்? படிக்க எடுத்த தம்பி மனைவி திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிறகு அவர் அக்கா, அக்காவின் நாத்தனார் என்று அது தெருத்தெருவாகப் போய்விட்டது. மாட்டுங்கா நூலகத்துக்கு போன் போட்டு, அடுத்த பாகம் எப்போது வரும் என்று ஒரு பெண் குரல் கேட்டது. கமிட்டியில் ஒருவர் புத்தகம் தொலைந்ததாக எழுதச் சொன்னார். சார் எழுந்து நின்றார். "தொலையல்லை. வெளியிலே இருக்கு. வாசிச்சிண்டிருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் யார் பேசுவது?

கார்த்திக் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எங்கெங்கோ துழாவி, பழைய பத்திரிகைகளைப் படமெடுத்துப் போட்டிருக்கும் இடத்தைப் பிடித்து, அந்த வாரத்து இதழை என் போனுக்கு அனுப்பிவிட்டார். கடைசி அத்தியாயம், முழுசாக. ஆப்பைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

முதலில் சாரிடம் போனேன். இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கை உயர்ந்தது. "சொல்லப்படாது! நானே வாசிக்கறேன்." போனை இரண்டு கையாலும் வாங்கினார். பழக்க தோஷம், காதருகே கொண்டுபோனார். பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். காபி ஆறியது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிடிச்சுதா சார்?" என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "பர்வதம் சொன்னது இதைவிடத் தேவலை" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் காசிம் பாய்க்கு போன் போட்டேன். ஊரில் இருக்கிறாராம், தம்பி பேரனுக்குப் பெயர் வைக்கிறார்களாம். பின்னால் ஒரே கூச்சல். அந்தக் கதையின் முடிவு கிடைத்துவிட்டது, அனுப்பட்டுமா என்று கத்தினேன். எந்தக் கதை என்று அவருக்குப் பிடிபடவே சற்று நேரமானது.

"ஓ, அதுவா? வேண்டாம் தங்கச்சி. அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். அது அவங்க வீட்டு விசயம். நமக்கு எதுக்கு?"